உள்ளதை எழுதச் சொன்ன டீச்சர்

டீச்சரின் பெயரை நான் இதில் எழுதவில்லை. எழுதினால் அவங்களுக்கு ஒரு குறையும் வராது. அந்தப் பெயரை என் கையால் எழுத எனக்குத்தான் முகம் இல்லை. எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு எத்தனையோ டீச்சர்மார் வந்து போயிருக்கிறார்கள். ஆனாலும் நாங்கள் வரிசை வீடுகளாகக் குடியிருக்கிற லயத்தில் யாராவது வெறுமனே டீச்சர் என்று சொன்னால் எனக்கு அவங்க முகம்தான் முன்னுக்கு வரும்.

ஆள் சின்ன உருவம். கொழுந்துக் கூடையை மாட்டிவிட்டால் கூடை மட்டும்தான் நடந்து போகிற மாதிரி இருக்கும் என்று எங்கள் கங்காணி ஒருநாள் சொல்லிச் சிரித்தார். ராகலைப் பக்கத்தில் வீடு. முதல் பஸ்ஸில் வந்து, சந்தியில் இறங்கி, இரண்டு கட்டை தூரம் ஏறி வருவாங்க. அட்டை கடிக்காமல் இருக்கக் காலில் சவர்க்காரம் தேய்த்திருப்பாங்க. ஈரப் புல்லில் மிதித்து வரும்போது செருப்போரம் நுரை தள்ளும். டீச்சர் கால் பல் விளக்குது என்று பிள்ளைகள் கத்தும். அவங்களும் சேர்ந்து சிரிப்பாங்க. தூறல் விழுந்தால் கையில் இருக்கிற கறுப்புக் குடையைத் தனக்குப் பிடிக்க மாட்டாங்க. தோளில் தொங்குகிற பைக்குத்தான் பிடிப்பாங்க. பைக்குள்ளே பிள்ளைகள் பாடம் எழுதின கொப்பிகள் இருக்கும்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். இதையும் பல நாளாக எழுத்தெழுத்தாகத்தான் எழுதுகிறேன். மலையில் கொழுந்தெடுத்து வயதாகி நின்ற பிறகு, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குப் பகல் சாப்பாடு சமைக்க நானும் இன்னும் இரண்டு பேரும் போவோம். சமையல் கொட்டிலுக்கும் தலைமை வாத்தியாரான பெரிய சேர் இருக்கிற ஆபீஸுக்கும் நடுவில் ஒரு தகரம்தான். அங்கே பேசுவது எல்லாம் இங்கே கேட்கும். டீச்சரைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி அந்தத் தகரத்தின் வழியாக வந்ததுதான். நான் யாரிடமும் முகம் பார்த்துப் பேசுகிறவள் இல்லை. கேட்டுக்கொண்டு இருப்பேன்.

பிள்ளை வரவில்லை என்றால் மற்ற டீச்சர்மார் வரவு எழுதுகிற இடாப்பில் வரவில்லை என்று அடையாளம் போட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விடுவார்கள். இவங்க அப்படிப் போட மாட்டாங்க. பென்சிலால் ஒரு புள்ளி வைப்பாங்க. பள்ளிக்கூடம் விட்டதும் அந்தப் பிள்ளையின் லயத்துக்கு ஏறிப் போய், ஏன் வரவில்லை என்று கண்ணால் பார்த்துவிட்டு வந்து, மறுநாள் காலையில்தான் பேனையால் எழுதுவாங்க. பக்கத்தில் காரணத்தையும் எழுதுவாங்க.

மேட்டு லயத்தில் அக்காவும் தங்கையுமாக இரண்டு பிள்ளைகள். ஒருநாள் அக்கா வந்தால் தங்கை வராது, தங்கை வந்தால் அக்கா வராது. டீச்சர் போய்ப் பார்த்தால் வீட்டில் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பள்ளிக்கூடத்துக்குப் போட ஒரே சோடி சப்பாத்து. அவங்க இடாப்பில் எழுதினது இது: "வீட்டில் ஒரு சப்பாத்து. இன்று அக்காவின் நாள்." பெரிய சேருக்குக் கோபம் வந்துவிட்டது. இது இடாப்பா, கதைப் புத்தகமா என்று கேட்டார். வலயக் கல்வி ஆபீஸிலிருந்து வந்து பார்த்தால் யார் பதில் சொல்வது என்றார். டீச்சர் குரலை உயர்த்தாமல், வரவில்லை என்று மட்டும் போட்டால் அது பொய்யாகிவிடும் சேர் என்றாங்க. அடுத்த திங்கட்கிழமையில் இருந்து செருப்புப் போட்டு வந்தாலும் பரவாயில்லை என்று பெரிய சேரே சொல்லும்படி ஆகிவிட்டது.

அவங்களுக்கே பிந்தினாலும் அப்படித்தான். கையெழுத்துப் புத்தகத்தில் பிந்தினதற்குக் காரணம் எழுத வேண்டும். எல்லா டீச்சர்மாரும் பஸ் தாமதம் என்றுதான் எழுதுவார்கள். இவங்க ஒருநாள் "தூங்கிவிட்டேன்" என்று எழுதி வைத்திருந்தாங்க. பெரிய சேர் அதை வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்தார். பிறகு எங்களிடம் வந்து ஒரு பிளேன்டீ கேட்டார்.

தர்ஷினியைப் பற்றியும் சொல்ல வேண்டும். என் அண்ணன் மகள் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனபோது தன் பிள்ளையை என்னிடம் விட்டுவிட்டுப் போனாள். அவள் என்னை அத்தை என்பதால் பிள்ளையும் என்னை அத்தை என்றே கூப்பிடும். அப்பன்காரன் தர்ஷினி கைப்பிள்ளையாக இருக்கும்போதே போய்விட்டான். தர்ஷினி இந்த டீச்சரின் வகுப்பில் இருந்தாள்.

எங்கள் வீடு என்று ஒரு கட்டுரை எழுதச் சொல்லியிருந்தாங்க. தர்ஷினி யாரிடமோ வாங்கின கட்டுரைப் புத்தகத்தைப் பார்த்து, எங்கள் வீடு அழகானது, முன்னால் பூந்தோட்டம் உண்டு, அப்பா மாலையில் பத்திரிகை வாசிப்பார் என்று அழகாக எழுதிக்கொண்டு போனாள். எனக்கே அதை வாசித்தபோது சந்தோசமாக இருந்தது. மறுநாள் நான் சோற்று வாளியோடு வகுப்பு வாசலில் நிற்கிறேன். டீச்சர் அவளைப் பக்கத்தில் கூப்பிட்டு, கொப்பியைக் கீறாமல், மெதுவாகக் கேட்டாங்க.

"ஒங்க வீட்டுக்கு முன்னுக்கு என்னாம்மா இருக்கு?"

"பீலி டீச்சர்."

"பீலியில என்னா நடக்கும்?"

"தண்ணி புடிப்பாங்க. ராஜம்மாக்கா சண்ட போடுவாங்க."

வகுப்பே சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. "நல்லா இருக்கே. உள்ளத எழுதும்மா" என்றாங்க. அவள் திருப்பி எழுதினாள். அதற்குச் சரி போட்டு, கீழே நன்று என்று சிவப்பில் எழுதிக் கொடுத்தாங்க.

ராஜம்மா எங்கள் லயத்தில் பக்கத்து வீட்டுக் காம்பராக்காரி. கதை அவள் காதுக்குப் போய்விட்டது. பீலியடியில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, நான் சண்டைக்காரியா, எழுதுறது எழுதினால் யார் முதலில் குடத்தை வைத்தது என்பதையும் சேர்த்து எழுதச் சொல்லு உன் டீச்சரை என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். எனக்குத் தலை குனிவாகப் போய்விட்டது. இல்லாத பூந்தோட்டத்தைப் பற்றி எழுதியிருந்தால் யாருக்கும் ஒன்றும் வந்திருக்காதே என்று டீச்சர்மேல் அன்றைக்கு மனசுக்குள் கோபப்பட்டேன்.

கொரோனா வந்து பள்ளிக்கூடத்தைப் பூட்டினார்கள். பாடம் டிவியில் வரும், போனில் வரும் என்றார்கள். எங்கள் லயத்தில் ஆறு காம்பரா, படம் பார்க்கிற போன் இரண்டே இரண்டு. அதிலும் சிக்னல் வேண்டுமென்றால் மேல் மலையில் இருக்கிற பெரிய பாறைக்கு ஏற வேண்டும். பிள்ளைகள் ஒரு போனைச் சுற்றிப் பத்துப் பேராக அங்கே குந்திக்கொண்டு இருக்கும். பிறகு அந்தப் பக்கம் சிறுத்தையின் கால் தடம் கண்டதாகச் சொல்லி தோட்டத்து மேற்பார்வையாளர் கண்டாக்கையா எல்லாரையும் கீழே விரட்டிவிட்டார். அதோடு பாடம் முடிந்தது.

டீச்சரின் வகுப்பில் முப்பத்தொரு பிள்ளைகள். போனில் பாடம் எடுத்தது ஏழு பிள்ளைகள்தானாம். மற்ற டீச்சர்மார் அனுப்பினதோடு சரி. மேலிடத்தில் சொன்னதும் அவ்வளவுதான். இவங்களால் இருக்க முடியவில்லை. மற்ற இருபத்து நாலு பேருக்கும் பென்சில் புள்ளி வைத்துக்கொண்டே எத்தனை நாளைக்கு இருக்கிறது என்று கேட்டுக்கொண்டு, ஊரடங்கு எடுத்த கிழமையே நடந்து வந்துவிட்டாங்க. கையால் கேள்வி எழுதி, அதைப் பிரதி எடுத்து, லயத்துக்கு லயம் முதல் காம்பராவில் ஒரு பையைத் தொங்கவிடச் சொன்னாங்க. பையில் புதுத் தாளைப் போட்டுவிட்டு, பிள்ளைகள் எழுதி முடித்த பழைய தாளை எடுத்துக்கொண்டு போவாங்க. கொண்டுபோனதை மூன்று நாள் பையோடு வெயிலில் போட்டு வைத்துவிட்டுத்தான் தொட்டுத் திருத்துவாங்களாம். எங்கள் லயத்தில் முதல் காம்பரா என்னுடையது. பை என் வாசல் திண்ணையில், இஸ்தோப்பு ஆணியில் தொங்கியது.

வந்தால் இஸ்தோப்பில் கால் வைக்க மாட்டாங்க. வாயில் மாஸ்கைக் கட்டிக்கொண்டு, படிக்குக் கீழே, தண்ணி ஓடுகிற கான் ஓரத்தில் நிற்பாங்க. பிள்ளை உள்ளே இருந்து சத்தம் போட்டு வாசிக்க வேண்டும். ஒரு தேத்தண்ணியாவது குடிங்க டீச்சர் என்பேன். இப்ப வேணாம்மா, எல்லாம் முடியட்டும், வந்து உட்கார்ந்து குடிக்கிறேன் என்பாங்க. மழையில் நனைந்து நின்றுகொண்டு இதைச் சொல்லுவாங்க. குடை பைக்கு மேலே இருக்கும்.

கொழும்பில் இரண்டாம் தடவை நோய் கூடியபோது என் மகன் வந்தான். எனக்கு ஒரே மகன். அங்கே ஒரு புடவைக் கடையில் வேலைக்கு நின்றான். கடையைப் பூட்டிவிட்டார்கள். எட்டுப் பேரோடு ஒரே அறையில் சாப்பாடு இல்லாமல் கிடந்திருக்கிறான். மரக்கறி இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்புகிற லொறியில் தார்ப்பாய்ப் படங்குக்கு அடியில் படுத்து வந்து, விடியக் காலையில் தேயிலைக்குள்ளால் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டான். வந்தவனைப் பார்த்ததும் அழுகைதான் வந்தது. கொழும்பிலிருந்து யார் வந்தாலும் சொல்ல வேண்டும் என்று சுகாதாரப் பரிசோதகர் ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டுப் போயிருந்தார். சொன்னால் அவனை எங்கேயோ முகாமுக்குக் கொண்டுபோவார்கள். ஆறு காம்பராவையும் பூட்டுவார்கள். ஒருத்தருக்கும் வேலைக்குப் பேர் விழாது, சம்பளம் வராது. எல்லாரும் என்னைத்தான் திட்டுவார்கள். நான் அவனை அலுமாரிக்குப் பின்னால் பாய் போட்டுப் படுக்க வைத்தேன்.

தர்ஷினியைக் கூப்பிட்டு, மாமா வந்ததை ஒருத்தரிடமும் சொல்லக் கூடாது என்றேன். அவள் தலையாட்டினாள். சொல்லாதே என்றுதான் சொன்னேன். எழுதாதே என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

ஒன்பதாம் நாள் ராஜம்மாவின் புருசனுக்குக் காய்ச்சல் அடித்தது. அதைக் கேட்டதும் என் மகன் பயந்து, வலப்பனையில் இருக்கிற ஒரு கூட்டாளி வீட்டுக்கு வந்த வழியாகவே போய்விட்டான். மறுநாள் மூன்று காம்பராவில் காய்ச்சல். எனக்கும்தான். மூக்கில் குச்சி விட்டுப் பார்த்தார்கள். லயத்தைச் சுற்றி மஞ்சள் நாடா கட்டினார்கள். ராஜம்மாவின் புருசனை அம்புலன்ஸில் ஏற்றும்போது அவள் நாடாவைப் பிடித்துக்கொண்டு ஓலமிட்டது இன்னும் காதில் இருக்கிறது. அவர் இருபது நாள் கழித்து வந்தார். ஆனால் அதற்குப் பிறகு படியேறினால் மூச்சு வாங்கும்.

பரிசோதகர் நாடாவுக்கு அந்தப் பக்கம் நின்று, கொழும்பிலிருந்து யாராவது வந்தார்களா என்று முதலில் சிங்களத்தில் கேட்டார், பிறகு தெரிந்த தமிழில் கேட்டார். ஒருத்தரும் வரவில்லை என்று எல்லாரும் சொன்னார்கள். அவர்களுக்குத் தெரிந்த உண்மை அது. அப்போது ராஜம்மா சொன்னாள்.

"வெளிய இருந்து வந்தது அந்த டீச்சர் ஒருத்திதான். லயம் லயமா பேப்பர தூக்கிக்கிட்டு திரிஞ்சா. அதுலதான் வந்திருக்கும்."

எல்லார் கண்ணும் என் இஸ்தோப்பு ஆணியில் தொங்கிய பைமேல் விழுந்தது. பரிசோதகர் என்னைப் பார்த்தார். டீச்சர் இங்கே வந்தாங்களா என்று கேட்டார்.

"வந்தாங்க" என்றேன்.

ஒரு வார்த்தைதான். பொய்யும் இல்லை. நான் வாயைத் திறந்து ஒரு அதிகாரிக்குப் பதில் சொன்னது என் சீவியத்தில் அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

டீச்சரையும் வீட்டுக்குள் பூட்டிவைத்துச் சோதித்தார்கள். அவங்களுக்கு ஒன்றும் இல்லை என்று வந்தது. ஆனாலும் கெட்ட பேர் கெட்ட பேர்தான். தோட்டத் தலைவர் பெரிய சேரிடம் போய் இனிமேல் தாள் அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பையை ராஜம்மா எடுத்துப் பீலியடியில் வைத்து நெருப்பு வைத்தாள். அதில் பிள்ளைகள் தொடாத புதுத் தாள்கள் இருந்தன. நான் கதவுக்குள் நின்று பார்த்தேன். தர்ஷினி, அத்த, அதுல என் பேர் போட்ட தாளும் இருக்கு என்றாள். கதவைச் சாத்தினேன்.

நாடாவை அவிழ்த்த பிறகு டீச்சர் ஒருநாள் வந்தாங்க. லயத்துக்கு ஏறவில்லை. கீழ் ரோட்டில் வளைவில் நின்றுகொண்டு, வாயில் இருந்த மாஸ்கைக் கொஞ்சம் தள்ளி, பிள்ளைகளின் பெயரை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டாங்க. இடாப்பு கையில் இருந்தது. எங்கள் லயத்துப் பிள்ளைகள் இஸ்தோப்புக்கு ஓடி வந்து, வந்தேன் டீச்சர், வந்தேன் டீச்சர் என்று கத்தினார்கள். தர்ஷினி கத்தினது மலைக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கும். ராஜம்மா வெளியில் வந்து, எம் புருசன் இன்னும் மூச்சுக்குத் தவிக்கிறார், அதற்குள் மறுபடியும் வந்துட்டியா என்று கேட்டாள். இன்னும் என்னவெல்லாமோ கேட்டாள், அதை எழுத முடியாது. டீச்சர் கடைசிப் பெயர் வரைக்கும் கூப்பிட்டு முடித்துவிட்டுத்தான் போனாங்க. அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் திறக்கிற வரைக்கும் வரவில்லை.

திறந்த முதல் கிழமை, திருத்தி வைத்திருந்த பழைய தாள்களையெல்லாம் ஊசி குத்தி ஒவ்வொரு பிள்ளையிடமும் கொடுத்து அனுப்பியிருந்தாங்க. தர்ஷினி ஆசையாகக் கொண்டு வந்து என் மடியில் போட்டாள். நான் அடுப்படியில் குந்தியிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கணக்குத் தாள், சுற்றாடல் தாள். கடைசியில் எங்கள் வீட்டில் இருப்போர் என்று ஒரு தாள். எழுத்துக் கூட்டினேன்.

எங்கள் வீட்டில் மூன்று பேர் இருக்கிறோம். அத்தை, நான், மாமா. மாமா கொழும்பில் இருந்து வந்தார். அவர் அலுமாரிக்குப் பின்னால் படுக்கிறார். அவர் இருமும் போது அத்தை றேடியோவைச் சத்தமாக வைப்பார்.

ஒரு இடத்தில் எழுத்துப் பிழையைச் சிவப்பில் திருத்தியிருந்தது. பக்கத்தில் சரி போட்டிருந்தது. கீழே, "நன்று. உள்ளதை எழுதியிருக்கிறாய்" என்று இருந்தது.

நான் இரண்டாம் தடவையும் எழுத்துக் கூட்டினேன். அந்தத் தாளை மூன்று நாள் வெயிலில் போட்டு வைத்துவிட்டு டீச்சர் கையில் எடுத்தபோது எங்கள் லயத்தைப் பூட்டியாகிவிட்டது. அவங்களையும் பூட்டியாகிவிட்டது. வீட்டுக்குள் தனியாக உட்கார்ந்து, ஊரே தன் பேரில் பழியைப் போடும்போது, அது யாரால் வந்தது என்று பிள்ளையின் கையெழுத்தில் வாசித்திருக்கிறாங்க. வாசித்துவிட்டு எழுத்துப் பிழையைத் திருத்தியிருக்கிறாங்க.

எனக்கு அந்த நேரம் இதெல்லாம் தோன்றவில்லை. பயம்தான் வந்தது. பயம் வந்தால் என் கை என் பேச்சைக் கேட்காது. அடுப்படியில் கிடந்த விறகுச் சுள்ளியை எடுத்துப் பிள்ளையை அடித்தேன். காலில், கையில். எழுதின கையிலும் அடித்தேன்.

"டீச்சர் உள்ளதத்தானே அத்த எழுத சொன்னாங்க" என்றாள் அவள். அழுதுகொண்டு இல்லை. கேள்வியாகத்தான் கேட்டாள்.

தாளை அடுப்பில் போட்டேன்.

அதற்குப் பிறகு அவள் எழுதிய கட்டுரைகளில் எல்லாம் பூந்தோட்டம் வந்தது. அப்பா பத்திரிகை வாசித்தார். டீச்சர் கேட்டால் இது கற்பனை டீச்சர் என்பாளாம். எங்கள் வீட்டில் எல்லோரும் நலமாக இருந்தோம்.

அடுத்த வருசத்தில் நாட்டிலேயே பெட்ரோல் இல்லாமல் போனது. டீசல் இல்லை, பஸ் இல்லை. தாள் இல்லை என்று தவணைச் சோதனையைக்கூட டீச்சர்மார் கரும்பலகையில் எழுதிப் போட்டார்கள். பள்ளிக்கூடம் கிழமைக்கு மூன்று நாள் என்றார்கள், பிறகு அதுவும் இல்லை. தூரத்தில் இருந்து வருகிற டீச்சர்மார் அவரவர் வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போகலாம் என்று அறிவித்தல் வந்தது. எல்லாரும் போக எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பெரிய சேர் தாய்தகப்பன்மாரைக் கூப்பிட்டுக் கூட்டம் வைத்தார். அன்றைக்கு டீச்சர் எப்படி வந்தாங்களோ தெரியாது, சேலை முழங்கால் வரைக்கும் சேறு.

பெரிய சேர்தான் பேசினார். டீச்சர் மட்டும் போகாமல் இருக்கச் சம்மதிக்கிறாங்க, திங்களில் இருந்து வெள்ளி வரைக்கும் தங்க லயத்தில் ஒரு காம்பரா, இல்லாவிட்டால் ஒரு வீட்டில் ஒரு அறை கிடைத்தால் போதும், சாப்பாடு அவங்களே சமைத்துக்கொள்வாங்க என்றார். அப்படி இல்லையென்றால் நாலாம் ஐந்தாம் வகுப்புக்கு ஆள் இல்லை, பிள்ளைகள் புலமைப்பரிசில் சோதனை எழுத வேண்டிய வருசம் என்றும் சொன்னார்.

 ராஜம்மாதான் முதலில், சத்தம் போடாமல் சொன்னாள்.

"ஒரு தடவ குடுத்துட்டு போனது போதும் சேர். எங்களுக்கு வேணாம்."

முன்னுக்கு இருந்த ஆம்பளைகள் கீழே பார்த்தார்கள். என் வீட்டில் அலுமாரி வைத்திருக்கிற அறை வெறுமையாகத்தான் இருந்தது. மகன் திரும்பவும் கொழும்புக்குப் போய்விட்டான். அலுமாரிக்குப் பின்னால் பாய் சுருட்டி வைத்தபடியே இருந்தது. நான் கடைசி வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தேன். எழும்பி, எங்க வீட்டுல இருக்கட்டும் சேர் என்று சொன்னால் போதும். மற்றதைக்கூடச் சொல்லத் தேவையில்லை. அறை தருகிறேன் என்ற அந்த ஒன்றைச் சொல்லியிருக்கலாம்.

சொல்லவில்லை. எல்லாரும் பயந்ததற்கு நானும் பயந்தேன் என்று இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லி வந்தேன். அது உண்மை இல்லை. டீச்சர் என் வீட்டில் இருந்தால் காலையும் மாலையும் அவங்க முகத்தைப் பார்க்க வேண்டும். எல்லாம் தெரிந்தவங்க என்னை அம்மா என்று கூப்பிட்டுத் தேத்தண்ணி வாங்கிக் குடிப்பாங்க. அதை என்னால் தாங்க முடியாது என்றுதான் முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டு இருந்தேன்.

டீச்சர் என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால் நான் எழும்பியிருப்பேனோ என்னவோ. எனக்குச் சங்கடம் வரக்கூடாது என்றுதான் திரும்பவில்லை என்று இப்போது தெரிகிறது. பெரிய சேருக்குக் கும்பிடு போட்டுவிட்டு, வகுப்பறைக்குள் போய், கரும்பலகையைத் துடைத்துவிட்டுப் போனாங்க.

நாலு மாதம் நாலாம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் மூன்றாம் வகுப்போடு உட்கார்ந்து ஏற்கெனவே படித்ததைப் படித்தார்கள். பிறகு ஒரு டீச்சர் வந்தார். நல்லவர்தான். வராத பிள்ளைக்கு வரவில்லை என்று போட்டுவிடுவார்.

போன வருசம் கண்ணை டாக்டரிடம் காட்ட ராகலைக்குப் போனேன். ஆஸ்பத்திரியில் இருந்து வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது முன்னுக்கு டீச்சர் நிற்கிறாங்க. தலையில் நரை. தோளில் பை. நான் மறைந்துகொள்ளத் தூணைத் தேடினேன். அதற்குள் கண்டுகொண்டு, "அம்மா" என்று வந்து கையைப் பிடித்து வாங்கில் உட்கார வைத்தாங்க. ராஜம்மாவின் புருசனுக்கு இப்போது எப்படி என்றுதான் முதலில் கேட்டாங்க. அந்தக் கேள்விதான் என்னை உடைத்துவிட்டது. கண்ணுக்கு மருந்து விட்டிருந்ததால் அழுகிறேனா மருந்து வழிகிறதா என்று எனக்கே தெரியவில்லை.

"டீச்சர், எங்க லயத்துக்கு அந்த நோய கொண்டாந்தது எம் மகன். நீங்க இல்ல."

"தெரியும்மா. பிள்ள எழுதியிருந்தாளே."

"தெரிஞ்சும் ஏன் டீச்சர் வாய தொறக்கல? அந்தத் தாள எடுத்து ராஜம்மா மொகத்துக்கு நேரா காட்டியிருக்கலாமே."

அவங்க முகத்தில் கோபம் எதுவும் இல்லை. பிள்ளைக்கு ஒரு கணக்கைச் சொல்லிக் கொடுக்கிற மாதிரி நிதானமாகச் சொன்னாங்க.

"காட்டியிருந்தா உள்ளத எழுதினதாலதான் நம்ம வீட்டுக்கு இந்தக் கதின்னு பிள்ள நெனச்சிருப்பாம்மா. அப்புறம் எப்படி எழுதுவா? அவளுக்கு அப்பதான் எழுத வந்துச்சு. எனக்கு நாலு பேச்சு விழுந்தா விழுந்துட்டுப் போகுது."

நான் அவங்க காலைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

"தாள் வீட்டுக்கு வந்தப்ப நீங்களும் பாத்திருப்பீங்க" என்றாங்க. "அனுப்பலாமா வேணாமான்னு ரெண்டு நாள் யோசிச்சேன். அவ எழுதின தாள், அவகிட்டதானே இருக்கணும். அதுக்காக அவள ஒண்ணும் செய்யலையேம்மா?"

இத்தனை வருசமும் ஒருத்தரும் என்னிடம் கேட்காத கேள்வி அது. சொல்லிவிடத்தானே தொடங்கினேன். முதல் பாதியைச் சொல்லிவிட்டேன். மற்றப் பாதியையும் சொல்ல வாயெடுத்தேன். அவங்க என் முகத்தையே பார்த்துக்கொண்டு இருந்தாங்க.

"இல்ல டீச்சர். ஒண்ணும் செய்யல" என்றேன்.

"பிறகு கற்பனைன்னு பூந்தோட்டமாத்தானே எழுதினா. இப்பவாவது உள்ளத எழுதுறாளா?"

"எழுதுறா டீச்சர். உள்ளதத்தான் எழுதுறா."

டீச்சரின் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். அப்படி ஒரு சிரிப்பை அவங்க எங்கள் தோட்டத்தில் இருந்த காலத்தில் நான் பார்த்ததில்லை. என் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்தாங்க. "அது போதும்மா. அப்ப நான் செஞ்சது சரிதான்" என்றாங்க. அவங்களுடைய பஸ் வந்தது. ஏறி, ஜன்னல் பக்கத்து இடத்தில் உட்கார்ந்து, பஸ் வளைவில் திரும்புகிற வரைக்கும் எனக்குக் கையை ஆட்டிக்கொண்டே போனாங்க. நானும் ஆட்டினேன்.